88-ஆம் பக்கம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

துணையை இழந்தவருக்குக் கடற்கரையில் இன்னொரு காதல் மலரும் நாவல்கள் மனத்துக்கு மருந்தா, மயக்கமா? இதுதான் தலைப்பு. மருந்து என்று பேச வந்திருக்கிறேன். நான்கு காரணங்களை எழுதிக்கொண்டு வந்தேன். அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். எதிரணித் தலைவர் ஐயா சற்றுமுன் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் என்னால் வேறு எதையும் பேச முடியாது.

என்ன சொன்னார்? "கடற்கரைக் காதல் நாவல் என்பது சுண்டல் பொட்டலம். சூடு இருக்கும்வரை ருசி. தின்றதும் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு எழுந்து போகவேண்டியதுதான்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நன்றாகத்தான் சொன்னார், நானும் ரசித்தேன். ஆனால் ஐயா, அந்தக் காகிதத்தை யார் எடுத்துப் படித்தார்கள் என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தீர்களா?

நான் பார்த்திருக்கிறேன். என் ஊர் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை இன்னும் கரையில் நிற்கிற ஊர். எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் கடல். என் சின்ன அத்தையின் கணவர் ஒரு நாள் விடியலில் கட்டுமரத்தில் போனார். மூன்றாம் நாள் கட்டுமரம் கரை ஒதுங்கியது. அவர் வரவில்லை. அத்தைக்கு அப்போது 26 வயது. எங்கள் வீட்டுக்கு வந்தவர் முதல் வேலையாக அந்தக் கொல்லைக் கதவைத் தாழிட்டார். கடலைப் பார்க்க மாட்டேன் என்றார். சித்திரை வெயிலில் வீடு வெந்தது. பாட்டி கெஞ்சினாள். கதவு திறக்கவில்லை. கடலுக்குப் போகவேண்டுமென்றால் நாங்கள் தெருவைச் சுற்றிப் போவோம். இரண்டு வருடம் இப்படியே போயிற்று.

1984. எனக்கு ஒன்பது வயது. ஒரு மாலை அத்தைக்கும் சேர்த்து இரண்டு பொட்டலம் சுண்டல் வாங்கி வந்தேன். அத்தை தின்றார். காகிதத்தைப் பிரித்தார். ஐயா, கவனியுங்கள், கசக்கவில்லை, பிரித்தார். ஏதோ ஒரு நாவலின் தாள். என்ன நாவல், யார் எழுதியது, ஒன்றும் தெரியாது. ஒரு பக்கம் 87, மறுபக்கம் 88. கணவனை இழந்த ஒரு பெண் கடலோரத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வருகிறாள். சன்னல் பக்கமே போகாமல் நாட்களைக் கழிக்கிறாள். ஒரு நாள் எழுந்து போய்ச் சன்னலைத் திறக்கிறாள். "வெளியே" என்ற சொல்லோடு 88-ஆம் பக்கம் முடிந்துவிட்டது.

"வெளியே என்னடா இருக்கிறது?" என்றார் அத்தை.

எனக்கு என்ன தெரியும்? "மீதிப் பக்கத்தை வாங்கிக்கொண்டு வா" என்றார். ஓடினேன். சுண்டல் தாத்தா தன் காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். "அடுத்த தாளில் பட்டாணி கட்டிக் கொடுத்துவிட்டேனே தம்பி" என்றார். யாருக்கு என்று கேட்டேன். கோட்டை பார்க்க வந்த யாரோ வெளியூர்க்காரருக்காம்.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். நானும் என் சேக்காளிகள் ஐந்து பேரும் மூன்று மாலை அந்தக் கரை முழுவதும் கசங்கிய காகிதம் பொறுக்கினோம். கிடைத்ததையெல்லாம் நீவி நீவி அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். 41-ஆம் பக்கம் கிடைத்தது. 112 கிடைத்தது. யாரோ ஒரு பையனின் கணக்கு நோட்டு கிடைத்தது, அதில் எல்லாக் கணக்கும் தப்பு. 89 மட்டும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வாசலிலேயே அத்தை கேட்பார்: "வெளியே என்ன என்று தெரிந்ததா?" இரண்டு வருடமாக யாரிடமும் எதையும் கேட்காத அத்தை கேட்கிறார். அடுப்பங்கரையில் பாட்டி கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் கண்ணில் இருக்கிறது.

நான்காம் நாள் வெறுங்கையோடு போனேன். அத்தை என்னைப் பார்த்தார். 88-ஆம் பக்கத்தை ஒரு தரம் படித்தார். எழுந்தார். "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் உப்புக்காற்றில் துருவேறி இறுகிக் கிடந்தது. அம்மிக்குழவியை எடுத்து வந்து தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. தாழ் விழுந்தது. கதவு திறந்தது.

எதிரணித் தலைவர் ஐயா, நீங்கள் சொன்ன அதே சுண்டல் பொட்டலம்தான் அது!

வெளியே என்ன இருந்தது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். அதற்குள் எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரிக்கு ஒரு பதில். "கடற்கரை, மறுகாதல் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு" என்றார். அம்மா, கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். பிரிந்தவரை நினைத்து உருகுகிற மனத்தைக் கொண்டுபோய்க் கடற்கரையில் உட்கார வைத்தவர்கள் நம் முன்னோர்கள். துயரத்துக்கு எந்த இடம் பொருந்தும் என்று அவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சென்னை மெரினாவில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைக்க 1842-இல் கட்டியது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கட்டடத்தில் யார் இருந்தார்கள் தெரியுமா? விவரம் தெரியாத வயதில் தாலி கட்டி, விவரம் தெரிவதற்குள் தாலி இழந்த சிறுமிகள். தானும் இளம் வயதில் விதவையாகி, படித்துப் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி அவர்களை அங்கே வைத்துப் படிக்க வைத்தார். எதிரே கடல். 1856-லேயே விதவை மறுமணச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் மறுமணம் செய்தால் முதல் கணவரின் சொத்தில் உரிமை போய்விடும் என்று அதே சட்டத்தில் எழுதியும் வைத்தார்கள். சட்டம் தாழ்ப்பாளைத் தளர்த்தியது, அவ்வளவுதான். உள்ளே இருக்கிறவளுக்கு எழுந்து போய்க் கதவைத் தள்ள ஆசை வரவேண்டுமே! அந்த ஆசையை எந்த அரசாணை கொடுக்கும்? யாரோ பெயர் தெரியாத எழுத்தாளர் எழுதிய ஒரு பக்கம் என் அத்தைக்குக் கொடுத்தது.

நடுவர் அவர்கள் மணியில் கை வைத்துவிட்டார்கள். இரண்டே நிமிடம் ஐயா. வெளியே என்ன இருந்தது என்று சொல்லாமல் இறங்கினால் அவை என்னை விடாது.

வெளியே கடல் இருந்தது. கடலுக்கு முன்னால் ஒரு பூவரச மரம். மரத்தடியில் ஒருவர் உட்கார்ந்து, வலையின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி கிழிசலைச் சீர்செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய சின்ன மகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். பிரசவத்தில் மனைவியை இழந்தவர். தினமும் அதே மரத்தடியில்தான் வேலை. இரண்டு வருடமாக அங்கேதான் இருந்திருக்கிறார். கதவு மூடியிருந்ததால் அத்தைக்குத் தெரியவில்லை.

அடுத்த தை மாதம் கல்யாணம். ஊரில் பேசினார்கள், பேசட்டும். கல்யாணத்துக்கு மறுநாள் மாமா தன் கையாலேயே சுவரில் இரண்டு ஆணி அடித்தார். ஒன்றில் அவருடைய முதல் மனைவியின் படம். இன்னொன்றில் அத்தையின் முதல் கணவர், மாயவரம் ஸ்டூடியோவில் எடுத்த படம். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டுக்கும் பூ வைத்தது மாமாதான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. நான் திருச்சியில் இருந்தேன். மறுநாள் பொறையாறு போய்ச் சேர்ந்து, ஒவ்வொரு முகாமாகத் தேடி, ஒரு கல்யாண மண்டபத்தின் தரையில் அவர்களைக் கண்டுபிடித்தேன். மூவரும் உயிரோடு இருந்தார்கள். வீடு இல்லை, வலை இல்லை, மாற்றிக் கட்டத் துணி இல்லை. முதல் அலை வடிந்த நேரத்தில் எல்லோரும் மேற்கே ஓட, மாமா மட்டும் ஒரு தரம் வீட்டுக்குள் ஓடினாராம். அத்தை அதைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். "உயிரை விட்டிருப்பீர்களே, அப்படி என்ன இருக்கிறது அந்த வீட்டில்?"

மாமா பேசவில்லை. மடித்துக் கட்டியிருந்த கைலிக்குள் கைவிட்டு இரண்டு படங்களை எடுத்தார். கண்ணாடி உடைந்திருந்தது. அவருடைய விரலிலும் கீறல். மேலே இருந்தது மாயவரம் ஸ்டூடியோவில் எடுத்த படம். ஈரத்தைத் தன் தோள் துண்டால் ஒற்றி எடுத்து அத்தையிடம் கொடுத்தார்.

"இவரை ஏற்கெனவே ஒரு தரம் கடல் கொண்டுபோயிற்று. இன்னொரு தரம் எப்படிக் கொடுப்பேன்?" என்றார்.

நன்றி, வணக்கம்.