பட்டில் ஓர் ஊசி

வணக்கம் வானொலி நேயர்களே. மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 32 வருடம் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை செய்தவள் நான். பட்டில் செய்யும் மருந்து ஊசியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஊசி என்றதும் எனக்கு ஒரு பாட்டி ஞாபகம் வரும். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, முற்றி, இன்சுலின் போடச் சொல்லிவிட்டார்கள். லயத்து வீட்டில் ஐஸ் பெட்டி கிடையாது. மதிய வெயிலில் தகரக் கூரைக்கடியில் மருந்தை வைக்கவும் முடியாது. அதனால் மளிகைக் கடை ஐஸ் பெட்டியில், ஒரு மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பார். விடிந்ததும் நடந்துபோய் எடுப்பார். ஒரு தீபாவளிக்குக் கடை மூன்று நாள் பூட்டிக் கிடந்தது. நான்காம் நாள் பாட்டியை வேனில் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் கடையின் அந்தப் பூட்டை நான் மறக்கவில்லை. 2023-இல் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இப்படி எத்தனை பூட்டுகளோ!

சரி, பட்டுக்கு வருகிறேன். பட்டுக்கூட்டைச் சலவைச் சோடா போட்டு அவித்தால் பசை போய் இழை நிற்கும். நம் கல்யாணப் பட்டும் அப்படிப் பசை நீக்கியதுதான். அந்த இழையில் இருக்கும் புரதம் ஃபைப்ராயின். அதைக் கரைத்து, மருந்து கலந்து, அச்சில் ஊற்றிக் காயவிடுகிறார்கள். பணியாரக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள், குழிகள் மட்டும் ஊசி முனையாக. காய்ந்ததும் தோலில் ஒட்டுகிற, பிளாஸ்திரி மாதிரி ஒரு சின்ன ஒட்டு. அதில் வரிசையாக முட்கள், ஒவ்வொன்றும் ரவை அளவு உயரம். தோலின் மேல்படலத்தைத் தாண்டும், வலி நரம்புகள் நிறைந்த ஆழத்துக்குப் போகாது. அதனால் வலி மிகக் குறைவு.

என்னைக் கவர்ந்தது வேறொன்று. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லான் குழுவினர் தட்டம்மைத் தடுப்பு மருந்தைப் பட்டுக்குள் வைத்துக் காய வைத்தார்கள். 45 பாகை வெப்பத்தில் மாதக்கணக்கில் வைத்தும் அதன் வீரியம் பெரும்பாலும் கெடவில்லை. 2012-இல் வெளியிட்டார்கள். ஐஸ் பெட்டி இல்லாமல்! படித்த அன்று பாட்டியைத்தான் நினைத்தேன்.

அப்புறம், பட்டை ஈர ஆவியில் வைத்தால் அதன் புரதம் இறுகும். எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு மெதுவாக மருந்து கசியும். தினமும் குத்த வேண்டியதை வாரக்கணக்கில் உள்ளிருந்தே விட முடியுமா என்று பார்க்கிறார்கள். இது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. தயவுசெய்து உங்கள் இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல், பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். உயிருள்ள செல்லைக் காய வைத்தால் செத்துவிடும். அதனால் ஈரமான கூழ் முட்களில் வைத்துச் செலுத்தப் பார்க்கிறார்கள். இல்லையென்றால் அந்தச் செல்கள் சுரப்பதை மட்டும் எடுத்து முட்களில் ஏற்றுகிறார்கள். ஆறாத கால் புண்ணுக்கு இது உதவுமா என்று விலங்குகளில் சோதனை நடக்கிறது. பாட்டிக்கும் கடைசியில் இடது காலில் அந்தப் புண்தான் வந்தது. நேரம் முடிந்துவிட்டது, வணக்கம்.