பொடக்காலியில் ஒரு கிளுவை வேலி

[காட்சி: வெறும் மண்தரை, துணிக்கொடி, எதிரே பக்கத்து வீட்டு மாடி ஜன்னல்]

வணக்கம். இது காங்கேயம் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பொடக்காலி, அதாவது புழக்கடை. 20-க்கு 30 அடி. மூன்று வருடத்துக்கு முன்னால் எடுத்த படம். துணி காயப்போடப் போனால்கூட மாடியிலிருந்து எல்லாம் தெரியும். சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. சுவரை நாலு அடி ஏற்றிக் கட்டி, தரைக்கு பேவர் பிளாக் போடச் சொன்னார்கள். மறைப்பு கிடைத்திருக்கும். ஆனால் காற்றும் நின்றிருக்கும், பெய்கிற மழை முழுக்க தெருவுக்கு ஓடியிருக்கும்.

[காட்சி: கொறங்காடு, வேலியோரம் மேயும் மாடுகள்]

எனக்கு வழி காட்டியது இந்தக் கொறங்காடுதான், மழையை நம்பியிருக்கும் மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்ளுக்கிளுவை. இந்த வேலிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, மாடும் தாண்டுவதில்லை. இதையே வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன?

கிளுவைக்கு நாற்று வேண்டாம், போத்து, அதாவது வெட்டிய கிளைத் துண்டு போதும். பெருவிரல் கனத்தில் வெட்டி, ஒரு அடி ஆழத்தில், சாணுக்கு ஒன்றாக நெருக்கி நட்டோம். ஒரு குறை உண்டு. மழைக்காலத்தில் பச்சைச் சுவர் மாதிரி நிற்கும் கிளுவை, வறட்சி வந்தால் இலையைக் கொட்டிவிடும். மறைப்பு அதிகம் தேவைப்படும் கோடையில் வெறும் முள்தான் மிஞ்சும். அதனால் உள்பக்கம் இரண்டாவது வரிசையாக விராலி, நொச்சி, ஆடாதோடை வைத்தோம்.

[காட்சி: விராலி இலை, மிக அருகில்]

இந்த இலையைப் பாருங்கள். பிசின் பூசியது மாதிரி பளபளக்கும், தொட்டால் விரலில் லேசாக ஒட்டும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் காக்க அந்தப் பூச்சு உதவுகிறது. கோடையிலும் பச்சையாக நிற்கும். ஆள் உயரத்துக்கு மேல் வளரும், கவாத்து செய்தால் அடர்ந்து வரும்.

முதல் வருடம் இதில்தான் தவறு செய்தேன். புல்தரைக்கு விடுவது மாதிரி தினமும் ஹோஸ் பிடித்தேன். இரண்டு விராலி மஞ்சளாகி, வேர் அழுகிப் போயின. அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வந்து பார்த்துவிட்டு, "காட்டுச் செடிக்குத் தெனமும் எதுக்கு கண்ணு தண்ணி?" என்றார். அப்புறம் வாரம் ஒருமுறை, செடிக்கு ஒரு குடம் என்று மாற்றினேன். தினமும் மேலாக நனைத்தால் வேர் மேலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு ஆழமாக நனைத்தால் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். இரண்டாவது கோடை தாண்டியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டோம்.

மொட்டை மாடி மழையை ஒரு குழாய் வழியாகக் கல் நிரப்பிய குழியில் விட்டோம். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் அதை இழக்க மனம் வரவில்லை. தரை முழுக்கச் சருகு மூடாக்கு. தயவுசெய்து அதைக் கூட்டி எரிக்காதீர்கள், மண்ணுக்கு நிழல் அதுதான்.

சரி, அந்த மாடி ஜன்னல்? அதற்கு நேராக ஒரு அரப்பு மரம். உசிலை என்றும் சொல்வார்கள். பொடி இலை, மெல்லிய நிழல். தலைக்குத் தேய்க்க அரைப்பதும் இதன் இலைதான்.

[காட்சி: ஆவாரம்பூ, மேலே மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள்]

வாசல் ஓரம் ஆவாரை. போகியன்று காப்புக் கட்டுக்கு ஆவாரம்பூவைத் தேடி அலைய வேண்டியதில்லை. வேலியில் வேலிப்பருத்தி தானாகவே ஏறிக்கொண்டது. வெந்தய வரியன் பட்டாம்பூச்சி அதில் முட்டை வைக்கிறது. இலையைப் புழு தின்னும், தின்னட்டும், மருந்து அடிக்காதீர்கள். கொடி மறுபடி தழைத்துவிடும்.

பாம்பு வருமே என்று பலர் கேட்கிறார்கள். வீட்டுச் சுவரை ஒட்டி மூன்றடியைச் செடியும் சருகும் இல்லாமல் வெறுமையாக விடுங்கள். எலி தங்கும் குப்பையைச் சேர விடாதீர்கள்.

[காட்சி: வெட்டிப் போட்ட கிளுவைக் கிளைகள்]

போத்துக்கு நர்சரி தேட வேண்டாம். வேலி கவாத்து செய்யும் தோட்டத்துக்காரரிடம் கேளுங்கள், வெட்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்வார். நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரிகிற கிளையாகப் பார்த்து எடுத்து, புரட்டாசி முடிவதற்குள் நட்டுவிடுங்கள்.