திருடன் வேஷத்தில் ஒரு சி.ஐ.டி.

நேயர்களுக்கு வணக்கம். நகை கடத்தும் கும்பலுக்குள் போலீஸ்காரர் ஒருத்தர் திருடனாக நுழைகிற கதை என்றதும் சிவாஜி ரசிகர்கள் 1972இல் வந்த ‘ராஜா’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். சி.வி. ராஜேந்திரன் இயக்கம், எம்.எஸ்.வி. இசை, ஜோடி ஜெயலலிதா. ஆனால் கதை இந்தியிலிருந்து வந்தது. 1970இல் விஜய் ஆனந்த் இயக்கிய ‘ஜானி மேரா நாம்’தான் மூலம். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன், படம் வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் முடிவைச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில்.

துப்பறியும் படம் என்றாலும் பூதக்கண்ணாடி, கைரேகை எல்லாம் இதில் கிடையாது. சி.ஐ.டி. சோஹன் (தேவ் ஆனந்த்), ஜானி என்ற பெயரில் சில்லறைத் திருடனாகி, முதலில் ஜெயிலுக்குள் போகிறார். கும்பலைச் சேர்ந்தவன் உள்ளே இருக்கிறான், அவனோடு பழகி நம்பிக்கை வாங்கினால்தான் வெளியே மற்றவர்களிடம் போக முடியும். அப்புறம் ஒவ்வொரு படியிலும் ஒருத்தர் இவரைச் சோதிக்கிறார், இவரும் பொய்க்கு மேல் பொய் சொல்லித் தப்பிக்கிறார். (தேவ் ஆனந்த் தலையை ஆட்டி நடக்கிற நடைக்கு எந்தக் கும்பலும் அவரைத் திருடன் என்று நம்பாது, அது வேறு விஷயம்.)

திரைக்கதையின் கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைப்பது இதைத்தான்: பொய்ப் பெயரில் திரிவது ஹீரோ மட்டும் இல்லை. கும்பலின் தலைவனாக வரும் பிரேம்நாத், கூடப் பிறந்தவனையே அடைத்து வைத்துவிட்டு அவன் பெயரில் பெரிய மனிதராக உலவுகிறார். அடைபட்டுக் கிடப்பவரின் மகள்தான் ஹேமமாலினி, அப்பாவுக்காகவே அந்தக் கும்பலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார். அடியாளாக இருக்கும் பிராணோ, சின்ன வயதில் காணாமல் போன சோஹனின் அண்ணன். ஆக, போலீஸ்காரர் கண்டுபிடிக்க வேண்டியது நகை எங்கே என்பதை மட்டுமல்ல, யார் யார் என்பதையும்தான்.

அண்ணனும் தம்பியும் சின்ன வயதில் குத்துச்சண்டை பழகியவர்கள், அதை ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார்கள். பல வருஷம் கழித்து, யாரென்று தெரியாமல் இருவரும் அடித்துக்கொள்ளும்போது, கை போகிற விதத்தை வைத்து ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். பிரிந்த அண்ணன் தம்பியைச் சேர்த்து வைக்க மச்சம், குடும்பப் பாட்டு, பாதி டாலர் என்று எத்தனையோ பார்த்தாயிற்று, சண்டையையே அடையாளமாக வைத்தது எனக்கு இன்னும் பிடிக்கிறது. ஐ.எஸ். ஜோஹர் மூன்று வேஷத்தில் வரும் காமெடியில் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

சரி, அந்தக் காலப் படங்களில் வில்லன் என்றாலே ஏன் கடத்தல்காரன்? 1963இல் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன, புது நகை 14 காரட்டுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். 1968இல் சட்டமே வந்தது, தனி ஆள் தங்கக் கட்டி வைத்திருக்கக் கூடாது. கல்யாணம் நிற்குமா, நகை ஆசைதான் போகுமா? கடல் வழியாகக் கள்ளத் தங்கம் வந்துகொண்டே இருந்தது. பிடிபட்டால், அது கடத்தல் சரக்கு இல்லை என்று வைத்திருப்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 1962 சுங்கச் சட்டம் சொல்கிறது. சரக்கைத் தன் கையால் தொடாத தலைவர், கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகும் ஆட்கள் என்று சினிமாவில் வந்ததை ஜனங்கள் எளிதாக நம்பியதற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம். அந்தத் தங்கச் சட்டத்தை 1990இல் எடுத்துவிட்டார்கள்.

தமிழுக்கு வரும்போது தலைவன் வேஷம் எஸ்.வி. ரங்காராவுக்குப் போனது. அவர் சிரித்துக்கொண்டே பேசினாலே போதும், எதிரே நிற்பவருக்கு வியர்க்கும். பிராண் செய்த அண்ணன் வேஷத்தைச் செய்தவர் கே. பாலாஜி. படத்தின் தயாரிப்பாளரும் அவரேதான், நல்ல வேஷம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.