அந்த வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்: லகூனில் ஒரு நாள்

[காட்சி: காலை. வெண்மணல் கரை, அசையாத நீர். தொலைவில் நுரைக்கோடு.]

வணக்கம். தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறதே, முதலில் அதைப் பாருங்கள். அலைகள் பவளத்திட்டில் மோதி உடையும் இடம் அது. அதற்கு அந்தப் பக்கம் ஆழ்கடல். இந்தப் பக்கம் குளம் போலக் கிடப்பதுதான் லகூன். அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைப் பவளத்திட்டுகள் வாங்கிக்கொள்கின்றன என்று 2014-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. குழந்தைகள் இங்கே பயமில்லாமல் கால் நனைப்பது அதனால்தான்.

இன்றைக்கு மணிக்கணக்கில் திட்டம் எதுவும் வேண்டாம். ஓதம் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கரைகளில் இரண்டுக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். நீர் வற்றியிருக்கும்போது நடை, ஏறியிருக்கும்போது நீச்சல். அவ்வளவுதான்.

[காட்சி: உள்ளங்கையில் ஒரு பிடி மணல், மிக அருகில்.]

சரி, நடப்போம். நடுவில் குனிந்து ஒரு பிடி மணல் அள்ளுங்கள். பவளத் துணுக்கு, சிப்பித் துண்டு, ஊசிமுனை அளவில் ஒரு சங்கு. இதில் நிறைய கிளிமீனின் வயிற்றுக்குள் போய் வந்தது! பாசிக்காகப் பவளப்பாறையைச் சுரண்டித் தின்னும் அந்த மீன், செரிக்காத சுண்ணாம்பை மணலாக வெளியேற்றுகிறது. பெரிய மீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ தரும்.

[காட்சி: நீருக்கடியில்.]

நீர் ஏறிவிட்டது. மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டு முகத்தை நீரில் வையுங்கள். 'கறுக், கறுக்' என்று கேட்கிறதா? கிளிமீன் கொறிக்கும் சத்தம். எனக்கு இந்த நாளிலேயே பிடித்த நிமிடம் இதுதான். களைத்தால் மல்லாந்து மிதக்கலாம், பவளத்தின் மேல் மட்டும் கால் ஊன்றாதீர்கள். அது உயிருள்ளது.

இன்னொன்று, இது முக்கியம். திட்டைத் தாண்டி உள்ளே கொட்டும் நீர் எங்காவது வெளியேற வேண்டுமே? திட்டில் உள்ள இடைவெளி வழியாகப் போகும். ஓதம் வற்றும்போது அங்கே ஆறு மாதிரி இழுக்கும். வெள்ளைக் கோடு அறுந்து, நீர் கருநீலமாகத் தெரிந்தால் அதுதான் அந்த வாய். அந்தப் பக்கமே போகாதீர்கள். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.

[காட்சி: மர நிழல்.]

அப்புறம் நிழலில் படுத்துக்கொண்டு ஒன்றை யோசிக்கலாம். நடுவில் மலையே இல்லாமல், வளையமாக மட்டும் சில தீவுகள் இருக்கின்றனவே, எப்படி? எரிமலைத் தீவு மெல்ல அமிழ, பவளம் மேலே மேலே வளர்ந்தது என்று 1842-இல் டார்வின் எழுதினார். 1952-இல் பசிபிக்கில் அப்படியொரு வளையத் தீவான எனிவெடாக்கில் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் கூடுதலான சுண்ணாம்புக்கு அடியில் எரிமலைப் பாறை கிடைத்தது.

[காட்சி: அந்தி. ஈர மணலில் ஒரு சங்கு.]

கிளம்பும் முன், காலையில் அழகாக இருக்கிறதே என்று எடுத்துவைத்த சங்கை மணலில் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்காருங்கள். சத்தம் போடாதீர்கள். உள்ளே, காலிச் சங்கில் குடியிருக்கும் துறவி நண்டு இருந்தால், முதலில் இரண்டு கண்கள் எட்டிப் பார்க்கும். அப்புறம் கால்கள்.