சிற்றரசன் என்றொரு விண்மீன்

அவையோருக்கு வணக்கம்.

ரெகுலஸ் என்ற ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். லத்தீனில் ரெக்ஸ் என்றால் அரசன். அதன் வாலில் 'உலுஸ்' சேர்ந்தால் சின்ன அரசன். நாம் குறுநில மன்னன் என்கிறோமே, அவன்தான். ஆங்கில அகராதியிலும் ஒரு மூலையில் இந்தச் சொல் இருக்கிறது. எடுத்துப் பேசுவோர் அரிது.

ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி, ஸ்பெயினில் இலெர்கெட்டஸ் மக்களை ஆண்ட இந்திபிலிஸை ரெகுலஸ் என்று எழுதுகிறார். வட ஆப்பிரிக்காவின் நுமிதியா நாட்டில் மன்னன் மிசிப்சா இறந்தபின் ஒன்றுகூடிய மூன்று வாரிசுகளையும் இன்னொரு ரோமானிய வரலாற்றாசிரியரான சல்லஸ்ட் அப்படியே அழைக்கிறார். சொந்த மண்ணில் அவர்கள் முழு அரசர்கள். ரோமாபுரியின் ஏட்டில் ஏறும்போதுதான் சிறுத்துப்போகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

ஆனால் சொல்லின் வேர் பெரியது. ரெக்ஸோடு பிறந்த வினைச்சொல் 'ரெகெரெ'. நேராகச் செலுத்துவது என்று பொருள். அந்தக் குடும்பத்தில் பிறந்த இன்னொரு பிள்ளை ரெகுலா, அதாவது நேரான கோல். ஆள்பவருக்கும், பள்ளிப்பிள்ளையின் பெட்டியில் கிடக்கும் அடிக்கோலுக்கும் ஆங்கிலத்தில் 'ரூலர்' என்ற ஒரே பெயர் வந்தது இந்த வழியில்தான்.

நம் செங்கோலை நினைத்துப் பாருங்கள். செம்மை என்றால் நேர்மை, வளையாமை. வளைந்துவிட்டால் கொடுங்கோல். வள்ளுவர் செங்கோன்மையை 55-ஆம் அதிகாரமாகவும் கொடுங்கோன்மையை 56-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தாரே! கொத்தனார் பூசிய சுவரில் நேரான பலகையை வைத்து இழுக்கிறார்; மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பலகையின் வேலையைத்தான் இரு மொழியும் அரசனுக்குக் கொடுத்தன. இந்தச் சொற்களுக்குள் பிறப்புறவு இல்லை. இருந்தும் நினைப்பு ஒன்றாக இருக்கிறது. எனக்கு இது தீராத வியப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிம்ம ராசியின் மிக ஒளிமிக்க விண்மீனைக் கிரேக்கர் 'பசிலிஸ்கோஸ்' என்றார்கள். அதற்கும் சிற்றரசன் என்றே பொருள். வானியலாளர் கோப்பர்நிக்கஸ் அதை லத்தீனில் ரெகுலஸ் என்று எழுதினார். சுமார் 79 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் அந்த விண்மீன் வேறெதுவும் அல்ல, நம் மகம். "மகம் ஜகத்தை ஆளும்" என்று நம் பாட்டிமார் சொல்வது இந்த விண்மீனைத்தான்.

அடுத்த மாசி மகத்தன்று இரவு அண்ணாந்து பாருங்கள். முழுநிலாவுக்குப் பக்கத்தில் நீலம் கலந்த வெண்மையாக ஒரு புள்ளி நிற்கும்.