இரண்டு பேர் மளிகைக் கடையில் பேசினால் சட்டமீறலா? சம்பளமில்லாத ஊர்க் கமிட்டிகளின் விநோத உலகம்

(திரையில்: கடையில் பொருள் வாங்கும் வரிசை. இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.)

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரை நடத்தும் குழுவில் மொத்தமே மூன்று பேர். அவர்களில் இரண்டு பேர் மளிகைக் கடை வரிசையில் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். ஒருவர், "அந்தப் பழைய பாலத்தை இந்த வருஷமே சரிசெய்துவிடலாமா?" என்று கேட்கிறார். மற்றவர், "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், பணம் இல்லை" என்கிறார். அவ்வளவுதான். இரண்டு பேரும் மாநிலச் சட்டத்தை மீறிவிட்டார்கள்.

லஞ்சம் வாங்கவில்லை, டெண்டரில் கை வைக்கவில்லை. பேசியதுதான் குற்றம். மூன்று பேர் கொண்ட குழுவில் இரண்டு பேர் சேர்ந்தாலே பெரும்பான்மை, அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை. இதற்குப் பெயர் 'கோரம்'. கோரம் சேர்ந்து ஊர் விஷயத்தைப் பேசினால் அது 'கூட்டம்' ஆகிவிடும். கூட்டம் என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் அந்த 48 மணி நேரக் கணக்கில் சேராது. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்க வசதி இருக்க வேண்டும், மினிட்ஸ் எழுத வேண்டும். மின்னஞ்சலில் பேசிக்கொண்டாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள், அதுவும் கணக்கில் வரும். வேண்டுமென்றே மீறினார்கள் என்று நிரூபணமானால் ஒவ்வொரு மீறலுக்கும் அந்தக் குழுவுக்கு 1,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம்.

நம் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்புக்கு இந்தச் சட்டம் வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். சரி, யோசித்தது போதும்.

வணக்கம். இன்றைக்கு நாம் பார்க்கப்போவது அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில், சம்பளம் வாங்காமல் ஊரை நடத்துகிற அக்கம்பக்கத்து மனிதர்களைப் பற்றி.

முதலில் பின்னணி. சீக்கிரம் முடித்துவிடுகிறேன், போய்விடாதீர்கள். மாசசூசெட்ஸ், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன், கனெக்டிகட், ரோட் ஐலண்ட், இந்த ஆறு மாநிலங்களும் சேர்ந்ததுதான் நியூ இங்கிலாந்து. இங்கே பல சின்ன ஊர்களுக்கு மேயர் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஊர்க் கூட்டம் போட்டு, வாக்காளர்களே கை தூக்கி பட்ஜெட்டை நிறைவேற்றுவார்கள். மற்ற நாட்களில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள 'செலக்ட் போர்டு' என்று மூன்று அல்லது ஐந்து பேர். அவர்களுக்குக் கீழேயும் பக்கத்திலும் ஏகப்பட்ட கமிட்டிகள்: நிலத் திட்டத்துக்கு ஒன்று, கட்டட விதிவிலக்குக்கு ஒன்று, சுகாதாரத்துக்கு ஒன்று, கல்லறைக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று. நூலகம் என்றதும் நியூ ஹாம்ப்ஷயரின் பீட்டர்பரோவைச் சொல்லியாக வேண்டும். வரிப்பணத்தில் நடக்கும் இலவசப் பொது நூலகத்தை அந்தச் சின்ன ஊர் 1833லேயே தொடங்கிவிட்டது. நிதிக் கமிட்டி என்றும் ஒன்று உண்டு. அதைப் பற்றி விளக்கினால் நீங்கள் வீடியோவை மூடிவிடுவீர்கள், அதனால் தாண்டிப் போகிறேன்.

பெரும்பாலான கமிட்டிகளில் சம்பளம் கிடையாது. சில பதவிகளுக்குச் சில ஊர்களில் பேருக்கு ஒரு சிறு தொகை தருவார்கள்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

(திரையில்: பாசி படிந்த கற்களை அடுக்கிக் கட்டிய வேலி.)

வேலி பார்ப்பவர். ஆங்கிலத்தில் 'ஃபென்ஸ் வியூவர்'. பதவியின் பெயரே அதுதான். மாசசூசெட்ஸ் சட்டப்படி ஒவ்வொரு ஊரின் செலக்ட் போர்டும் ஆண்டுதோறும் குறைந்தது இரண்டு வேலி பார்ப்பவர்களை நியமிக்க வேண்டும். சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. வேலை என்ன? வேலியைப் பார்ப்பது. சிரிக்காதீர்கள், பதினேழாம் நூற்றாண்டில் இது உயிர் போகிற விஷயம். உங்கள் பக்கத்து வேலி ஓட்டையாக இருந்தால் அடுத்த வீட்டு மாடு உள்ளே வந்து சோளத்தை மேய்ந்துவிடும். அந்தக் குளிர்காலத்துக்கு உங்களுக்குச் சாப்பாடு இருக்காது. தப்பு மாட்டின் மேலா, வேலியின் மேலா, வேலியைக் கவனிக்காதவர் மேலா? இதைத் தீர்க்க நீதிமன்றம் வரை போக முடியாது. ஊரிலேயே, நிலம் தெரிந்த இரண்டு பேர் நடந்து வந்து பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

அவர்கள் எதை வைத்துச் சொல்வார்கள் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. நான்கு அடி உயரம், நல்ல நிலை. மரம், பலகை, இரும்பு, கல், எதுவாகவும் இருக்கலாம். ஆறு, குளம், ஓடை, வாய்க்கால்கூட வேலியாகக் கணக்கில் வரும். அதற்குப் பிறகு வருகிற வரிதான் அழகு: இவை இல்லாவிட்டாலும், 'இதற்கு ஈடானது' என்று வேலி பார்ப்பவர்கள் எதைக் கருதுகிறார்களோ அதுவும் வேலிதான். எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்! ஊர்க்காரர் ஒருவர் கண்ணால் பார்த்து "இது வேலிதான்" என்று சொன்னால் அது வேலி.

அப்புறம், இது வெறும் ஆலோசனை இல்லை. பொது வேலியில் உங்கள் பங்கைச் சரிசெய்யுங்கள் என்று அவர்கள் சொல்லியும் நீங்கள் காதில் வாங்காவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் தானே கட்டிவிட்டு, ஆன செலவைப் போல இரண்டு மடங்கு உங்களிடம் கேட்கலாம். வம்பை வளர்ப்பதைவிட வேலியை வளர்ப்பது மலிவு என்று ஆக்கிவிட்டார்கள்.

சரி, வேலியைக் கட்டாதவருக்கு இது. வேண்டுமென்றே கட்டுபவருக்கு? அதற்கும் அதே அத்தியாயத்தில் வழி உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொல்லை கொடுக்கவேண்டும் என்ற கெட்ட எண்ணத்தோடு தேவையில்லாமல் ஆறு அடிக்கு மேல் வேலி எழுப்பினால், அது தொந்தரவு, வழக்குப் போடலாம். வயிற்றெரிச்சல் வேலிக்கென்று தனியாக ஒரு சட்டப் பிரிவு! என் நிலத்தில் நான் எவ்வளவு உயரம் கட்டினால் உனக்கென்ன என்று வாதாடினார்கள். 1889இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாகிப் பெரும் புகழ் பெற்றவர், அன்றைக்கு உட்கார்ந்து வேலிச் சண்டையைத் தீர்த்திருக்கிறார்.

வேலியோடு முடியவில்லை. 'ஹாக் ரீவ்' என்று இன்னொரு பதவி இருந்தது. ஊருக்குள் திரியும் பன்றிகளைக் கண்காணிப்பவர். பன்றி பயிரைத் தோண்டாமல் இருக்க மூக்கில் வளையம் மாட்டியிருக்கிறார்களா, கழுத்தில் நுகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலப்போக்கில் இந்தப் பதவி ஊர்க் கூட்டத்தின் கேலியாகிவிட்டது: புதிதாகக் கல்யாணமான ஆண்களைப் பிடித்து இதில் போட்டுவிடுவார்கள். 1835இல் கல்யாணம் செய்து கான்கார்டு ஊரில் குடியேறினார் ஒரு மாப்பிள்ளை. அமெரிக்காவின் மிகப் பெரிய சிந்தனையாளர்களில் ஒருவர், ரால்ஃப் வால்டோ எமர்சன். ஊர் அவருக்குக் கொடுத்த மரியாதை? பன்றி கண்காணிப்பாளர்.

வெர்மான்டில் மரப்பலகை ஆய்வாளர், நிலக்கரி எடை போடுபவர் என்றெல்லாம் பதவிகள் சட்டத்தில் உண்டு. நியூ ஹாம்ப்ஷயரில் ஏழு ஆண்டுக்கு ஒரு தடவை, மாசசூசெட்ஸில் ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை, ஊர் எல்லையை நடந்தே போய்ப் பார்த்து எல்லைக் கற்கள் இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஜிபிஎஸ் இருக்கிற காலத்திலும்.

இவ்வளவு நேரம் பார்த்துவிட்டீர்கள், ஒரு லைக் போட்டுவிடுங்கள். எனக்கும் சம்பளம் இல்லை.

(திரையில்: நாணல் வளர்ந்த சதுப்பு நிலம்.)

இதெல்லாம் பழைய கதை, இன்றைக்கு என்ன பயன் என்று கேட்டால், சதுப்பு நிலத்தைக் காட்டுவேன். 1957இல் மாசசூசெட்ஸ் ஒரு சட்டம் போட்டது: எந்த ஊரும் தனக்கென்று ஓர் இயற்கைப் பாதுகாப்புக் கமிட்டி அமைத்துக்கொள்ளலாம், மூன்று முதல் ஏழு பேர் வரை. அமெரிக்காவில் முதன்முதலில் இப்படிச் செய்த மாநிலம் அதுதான். பிறகு 1972இல் வந்த சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் இந்தத் தன்னார்வலர்கள் கையில் நிஜமான அதிகாரத்தைக் கொடுத்தது. சதுப்பிலிருந்து 100 அடிக்குள் மண்ணைத் தோண்டவோ கட்டடம் எழுப்பவோ வேண்டுமென்றால், பொதுவாக இவர்களிடம் விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர்களுக்குத் தகவல் போகும், பொது விசாரணை நடக்கும், பிறகு நிபந்தனைகளோடு உத்தரவு வரும்.

இந்த அதிகாரம் எதற்கு? சதுப்பு நிலம் மழை நீரை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். இதை வெறும் பசுமைப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். பாஸ்டன் வழியாகப் போகும் சார்லஸ் ஆற்றில் வெள்ளத்தைத் தடுக்க என்ன வழி என்று ராணுவப் பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் சுமார் 8,000 ஏக்கர் சதுப்பு நிலத்தை அப்படியே காப்பாற்றுவதுதான் அணை கட்டுவதைவிட மலிவு என்று விடை வந்தது. அதையே செய்தார்கள்.

கமிட்டிக்காரர்கள் இடத்தை நேரில் பார்க்கப் போவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஏழு பேரும் சேற்றில் நின்று பார்க்கலாம், அது 'கூட்டம்' ஆகாது. ஆனால் அங்கே நின்று விவாதிக்கக் கூடாது! தவளையைப் பார்க்கலாம், தவளையைப் பற்றி முடிவாக ஒன்றும் பேசக் கூடாது. எனக்கு இது அபத்தமாகத் தெரியவில்லை. வீடு கட்ட ஆசைப்படுகிறவர் நாளைக்குக் கோயிலிலோ கடையிலோ இவர்களைச் சந்திக்கப் போகிறார். "எல்லோர் முன்னாலும் பேசித்தான் முடிவெடுத்தோம்" என்று சொல்ல முடிந்தால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கு 'முடியாது' என்று சொல்லிவிட்டு அதே தெருவில் குடியிருக்க முடியும்.

சொந்த விவகாரம் என்றால் என்ன செய்வது? தன் நிலமோ நெருங்கிய குடும்பத்தின் பணமோ சம்பந்தப்பட்டிருந்தால் அந்த உறுப்பினர் விலகி நிற்க வேண்டும். சம்பளமே வாங்காதவராக இருந்தாலும் மாசசூசெட்ஸ் நெறிமுறைச் சட்டம் அவரை ஊர் ஊழியராகத்தான் பார்க்கிறது.

இங்கே உங்களில் பாதிப் பேர் கமெண்டில் 'உத்திரமேரூர்' என்று டைப் செய்யத் தொடங்கியிருப்பீர்கள். தெரியும். சொல்கிறேன்.

(திரையில்: உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்.)

முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, பனையோலையில் பெயர் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம், 360 நாள் பதவி. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, ஓலையை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும் என்ற விதி. கையில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருக்கிறாரா என்று எல்லோரும் பார்க்க வேண்டாமா! கணக்குக் காட்டாதவரை ஒதுக்கினார்கள். அவரை மட்டுமா? அவருடைய சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மருமகன் என்று பட்டியல் போட்டு ஒதுக்கினார்கள். மாசசூசெட்ஸ் சட்டம் இவ்வளவு தூரம் போகவில்லை.

ஆனால் ஒன்று. அது பிராமணர் ஊரின் சபை. நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் இருந்த ஆண்களுக்கு மட்டும்தான் குடத்தில் இடம். அதனால் 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று பொங்குவதற்கு முன் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

நியூ இங்கிலாந்திலும் இதன் சாயல் இன்னும் இருக்கிறது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸ் ஊர்களின் திட்டக் குழு, கட்டட விதிக் குழு மினிட்ஸ்களைத் தோண்டி, யார் எழுந்து பேசுகிறார்கள் என்று பார்த்தார்கள். வயதானவர்கள், நீண்ட காலம் அங்கேயே இருப்பவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள், ஆண்கள், இவர்கள்தான் அதிகம். புது வீடுகள் கட்டும் திட்டத்தைப் பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர் எதிர்த்துத்தான் பேசினார்கள். வாடகைக்கு இருப்பவர் வேலை முடிந்து, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வருவதற்குள் விசாரணை முடிந்துவிடும். 2020இல் கூட்டங்கள் ஆன்லைனுக்குப் போனபோது இது மாறும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதே ஆய்வாளர்கள் மறுபடி பார்த்தார்கள். பெரிதாக மாறவில்லை. நாற்காலியைக் கேமராவாக மாற்றினார்கள், பேசுகிறவர்கள் அவர்களேதான்.

என் கருத்தைக் கேட்டால், இதற்குக் கமிட்டியைக் கலைப்பது தீர்வு இல்லை. ஆள் வராத கமிட்டிக்கு என்ன ஆகும் என்று அந்தச் சதுப்பு நிலச் சட்டத்திலேயே இருக்கிறது. விண்ணப்பம் வந்து 21 நாளுக்குள் விசாரணை நடத்தவில்லை என்றால், விண்ணப்பித்தவர் நேரே மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குப் போய்விடலாம். ஏழு நாற்காலியில் நான்கு காலியாக இருந்தால் கோரம் சேராமல் போகும், கோரம் சேராவிட்டால் 21 நாள் ஓடிவிடும். பிறகு அந்தக் குளக்கரையைப் பற்றி முடிவெடுப்பது அதை ஒருநாளும் பார்த்திராத ஓர் அதிகாரி.

வெறும் பத்து வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால் மாசசூசெட்ஸ் ஆண்டுக் கூட்டத்தில் எந்தத் தலைப்பையும் விவாதத்துக்குக் கொண்டுவரலாம். அந்த ஊர்க் கூட்டம் தனி வீடியோவுக்கான விஷயம். வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள். கூடவே வேலி பார்ப்பவர், பன்றி கண்காணிப்பாளர், நிலக்கரி எடை போடுபவர், மூன்றில் உங்களுக்கு எந்தப் பதவி வேண்டும் என்றும் எழுதுங்கள். நிதிக் கமிட்டி என்று எழுதுகிறவரை பின் செய்கிறேன்.