வெறும் வளை

(சென்னை திருவான்மியூரில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில், இருளர் சமூகத்துப் பெரியவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

வணக்கம்ங்க. மைக்கை இன்னும் கொஞ்சம் இறக்கு தம்பி, எனக்கு உசரம் கம்மி. எலி வளைக்குள்ள தலையை விட்டே வளர்ந்தவன், உசரம் எங்கேருந்து வரும்?

என்னைக் கூட்டிட்டு வந்த தம்பி வழியெல்லாம் ஒரே பேச்சு. "ஐயா, நீங்க புடிச்சதுலயே பெரிய பாம்பு எதுன்னு சொல்லுங்க, கூட்டம் அசையாம உக்காந்திருக்கும்." பெரிய பாம்புக் கதையைத்தான் எல்லாரும் சொல்றாங்களே. நான் ஒண்ணுமே கிடைக்காத நாளைப் பத்திப் பேசறேன். வேட்டைக்காரன் கணக்குல அந்த நாள்தான் ஜாஸ்தி. விடியக்காலம் கடப்பாரையைத் தோள்ல போட்டுக் கிளம்பி பத்து வளை தோண்டினா, எட்டு வெறும் வளை. மிச்சம் ரெண்டுல ஒண்ணுல எலி, இன்னொண்ணுல தேரை.

எனக்கு வயசு எழுவது தாண்டியிருக்கும். ஆதார் அட்டையில ஜனவரி ஒண்ணாம் தேதின்னு இருக்கு. எங்க ஆளுங்க பாதிப் பேருக்கு அதே பொறந்தநாள்தான். எங்கம்மா கணக்கு வேற. "ஏரி உடைஞ்ச வருஷம், ஈசல் பறந்த அன்னைக்கு நீ பொறந்தே"ம்பாங்க. ஏரி எந்த வருஷம்மா உடைஞ்சதுன்னு கேட்டா, நீ பொறந்த வருஷம்னு பதில் வரும்.

திருப்போரூர் பக்கம் ஒரு ஏரிக்கரையிலதான் முதல்ல இருந்தோம். அப்புறம் கேளம்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பு. அப்பாவுக்குத் தோப்புக் காவல் வேலை. தோப்புக்காரர் மெட்ராஸ்ல இருந்தாரு. நட்டு அஞ்சாறு வருஷம் கழிச்சுத்தான் வெட்ட வருவாரு, மரமெல்லாம் விறகா வண்டி ஏறிப் போகும். அதுவரைக்கும் அந்த மணல்ல எங்க குடிசை ஒண்ணுதான். ராத்திரி எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்னொரு விளக்கு தெரியாது. சவுக்குல காத்து புகுந்தா ஊருக்கே அழற மாதிரி ஒரு சத்தம் வரும். இப்பவும் அந்தச் சத்தம் இல்லைன்னா எனக்குத் தூக்கம் வராது, ஃபேன் போட்டு ஏமாத்திக்கிறேன்.

பனையோலைக் குடிசை. வாசல் இடுப்பு உசரம்கூட இருக்காது, தவழ்ந்துதான் உள்ளே போகணும். ஏன் இவ்ளோ சின்ன வாசல்னு கேட்டேன். கடல்காத்து உள்ளே வரக்கூடாதுன்னு அப்பா சொன்னாரு. பாட்டி சொன்னா, "குனிஞ்சு வர்றவன் தலைதான் முதல்ல வரும். யாருன்னு பார்த்துட்டு, சோறு போடறதா கட்டையால போடறதான்னு நாம முடிவு பண்ணிக்கலாம்."

எலி வேட்டையைப் பத்திச் சொல்லியே ஆகணும். அறுப்பு முடிஞ்சதும் வரப்பு வரப்பா நடப்போம். வளை வாயில சிலந்தி நூல் கட்டியிருந்தா உள்ளே ஆள் இல்லை. புது மண்ணு தள்ளியிருந்தா எலி இருக்கு. வாய் வழவழன்னு தேய்ஞ்சிருந்தா, எலியைத் தின்னுட்டுப் பாம்பு குடி வந்திருக்கு. எலி லேசுப்பட்டது இல்லை, எங்கேயாவது ஒரு கள்ளவாசல் வெச்சிருக்கும். மேலே மண்ணை மெல்லிசா மூடி வெச்சு, ஆபத்துன்னா முட்டிக்கிட்டு அது வழியா ஓடிடும். அதைத் தேடி முதல்ல அடைக்கணும். அப்புறம் ஒரு பழைய பானை. அடியில ஓட்டை போட்டு, வைக்கோலைத் திணிச்சு, நெருப்பு வெச்சு, பானை வாயை வளை வாய்ல கவுத்து, ஓட்டை வழியா ஊதணும். எங்கம்மாதான் ஊதுவாங்க. கண்ணு ரெண்டும் மிளகாப்பழம் மாதிரி ஆயிடும். நான் கொஞ்சம் தள்ளி நின்னு, எங்கெங்கே புகை கசியுதுன்னு பார்ப்பேன். புகை வர்ற இடத்தையெல்லாம் மனசுல ஒரு கோடு போட்டுச் சேர்த்தா, மண்ணுக்குள்ள இருக்கற மொத்த வீடும் தெரிஞ்சுடும்.

எலி கிடைக்காட்டியும் சில வளையில நெல்லு கிடைக்கும். கதிர் கதிரா கடிச்சுக் கொண்டுபோய் அறையில அடுக்கி வெச்சிருக்கும், ரெண்டு மூணு படிகூடத் தேறும். வயல்காரர் வந்து "என் நெல்லு"ம்பாரு. "எலி எடுத்துட்டுப் போறப்ப ஏன் கேட்கலை?"ன்னு பாட்டி திருப்பிக் கேட்பா.

மீனும் அப்படித்தான். வலை வாங்கக் காசு ஏது? முட்டுக்காட்டுக் கழியில அம்மா கையாலயே இறால் தடவுவாங்க. தண்ணிக்குள்ள உக்காந்த மாதிரி நகர்ந்துகிட்டே ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவணும். அகப்பட்டதைப் போடப் பனையோலைப் பறி ஒண்ணு. கை ரெண்டும் வேலையில இருக்கறதால பறியைப் பல்லால கடிச்சுக்குவாங்க. அதனால கழியில இறங்கினா அம்மா பேச மாட்டாங்க. கரையில நான் அழுதா மூக்கால ஒரு சத்தம் கொடுப்பாங்க, 'ம்ம்ம்'னு. இருக்கேன்டான்னு அர்த்தம். சாயங்காலம் பறியைக் கவுத்தா ஒரு கை இறால் விழும். சில நாள் வெறும் சேறு. பறி காலின்னா அன்னைக்கு ராத்திரி பாட்டு நிறையப் பாடுவாங்க, நாங்க சீக்கிரம் தூங்கிடணும்னு.

இப்ப பாம்பு. அந்தக் காலத்துல பாம்பைப் புடிச்சா தோலை உரிச்சு விக்கறதுதான். மெட்ராசுக்கு வந்து, பதமாகி, கப்பல் ஏறி, எங்கேயோ ஒரு அம்மா கையில பையாத் தொங்கும். 1972-ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. அது எங்களுக்குத் தெரியாது. 1976-ல பாம்புத் தோல் ஏற்றுமதியை நிறுத்தினாங்க. அது தெரிஞ்சுது. தோலை எடுத்துட்டுப் போனா வாங்க ஆள் இல்லை. சட்டம் தப்புன்னு நான் சொல்ல வரலை. மழைக்காலத்துல மூட்டை மூட்டையாத் தோல் போனதை இந்தக் கண்ணால பார்த்திருக்கேன், அதுல எங்க மூட்டையும் ஒண்ணு. ஆனா நாளைக்கு என்ன சாப்பிடறதுன்னு எங்களுக்கு யாரும் சொல்லலை. எங்க ஆளுங்க எத்தனையோ பேர் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டறதுக்கும் முன்பணம் வாங்கிட்டுப் போய் மாட்டிக்கிட்டாங்க. என் பெரியண்ணன் ரெண்டாயிரம் ரூபாய் வாங்கினான். அதை அடைச்சு வெளியே வர ஒன்பது வருஷம்.

1978-ல இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் எங்க ஆளுங்களோட சேர்ந்து தொடங்கினது. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனவங்க பார்த்திருப்பீங்க, அங்கேதான் இருக்கு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலு வகை. புடிச்சுக் கொண்டுவந்து மண்பானையில வெச்சு, பானை வாயைத் துணியால கட்டி, சில வாரம் வெச்சிருந்து விஷம் எடுப்போம். அப்புறம் திரும்பக் காட்டுல விட்டுடணும். அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஊசி போட்டு, அதோட ரத்தத்துலேருந்துதான் பாம்புக்கடி மருந்து எடுக்கறாங்க.

திரும்ப விடணும்னு சொன்னதும் அப்பா சிரிச்ச சிரிப்பு இருக்கே! "கஷ்டப்பட்டுத் தோண்டி எடுத்ததைத் திரும்ப வளைக்குள்ள விடறதுக்கு ஒரு சங்கமா?"ன்னாரு. விடறதுக்கு முன்னாடி வயித்துச் செதில்ல ஒண்ணைக் கத்தரிச்சு அடையாளம் வைப்போம், அதே பாம்பை மறுபடி கொண்டுவந்துடக் கூடாதுன்னு. ஒரு தடவை பையனூர்ப் பக்கம் மூணு மணி நேரம் தோண்டி ஒரு நல்லபாம்பை இழுத்தேன். புரட்டிப் பார்த்தா வயித்துல வெட்டு. அப்படியே விட்டுட்டு வந்தேன். அன்னைக்கும் வெறுங்கைதான். ஆனா அப்பா கேட்டப்ப, "தெரிஞ்சவரு ஒருத்தரைப் பார்த்துட்டு வந்தேன்"னு சொன்னேன்.

இந்தக் கையைப் பாருங்க. பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியுதா? ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கு. சிலந்தி வலையைப் பத்திச் சொன்னேன் இல்லையா? ஒரு வளை, வாயில வலை கட்டியிருந்துச்சு. வெறும் வளைன்னு முடிவு பண்ணிக் கையை விட்டேன். அந்தப் பக்கம் செடிக்குக் கீழே இன்னொரு வாசல். எட்டு வயசுல கத்துக்கிட்ட பாடம், கள்ளவாசலைத் தேடுன்னு. அன்னைக்குத் தேடலை. அவசரம், பசி, வெயில், எதையும் காரணம் சொல்லலாம். உள்ளே இருந்தது கண்ணாடி விரியன். அது குக்கர் மாதிரி சீறும்பாங்க, எனக்குச் சீறவே இல்லை. மருந்து ஏத்தினாங்க, பொழைச்சேன், விரல் அழுகினதால பாதியை எடுத்துட்டாங்க. படுக்கையில கிடந்தப்ப எம் பொண்டாட்டி அந்த மருந்து பாட்டிலையே பார்த்துட்டிருந்தா. "இதுல நீ புடிச்ச பாம்பு ஏதாவது இருக்குமா?"ன்னு கேட்டா. இருக்கும்னு சொன்னேன். "அப்ப கூலியைத் திரும்ப வாங்கிட்டே"ன்னா.

எங்க மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேரும் 2017-ல அமெரிக்காவுக்கு, ஃப்ளோரிடாவுக்குப் போனாங்க. அங்கே மலைப்பாம்பு பெருகிப் போச்சாம். முதல் எட்டு நாள்ல 13 பாம்பு புடிச்சாங்க. 2023-ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. எங்களுக்கெல்லாம் நெஞ்சு நிமிர்ந்துச்சு. டிவிக்காரங்க 13-ஐப் பத்தித்தான் கேட்டாங்க. புதருக்குள்ள நாள் பூரா நடந்ததை யாரு கேட்டா?

அதுக்கு முன்னாடி நடந்தது ஒண்ணு. எம் பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க ஒரு ஆபீசுக்குப் போனோம். அங்கே ஒருத்தர், "இருளர்னா பாம்பு புடிச்சுக் காட்டு பார்க்கலாம்"னாரு. எனக்குக் கோபம் வரலை. சுத்தியும் பார்த்தேன். "ஐயா, இங்கே வளையே இல்லையே"ன்னேன். சான்றிதழ் வர மேலும் ரெண்டு வருஷம் ஆச்சு. கோபப்பட்டிருந்தா அஞ்சு வருஷம் ஆகியிருக்கும்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்தீங்கன்னா எங்க எல்லாரையும் பார்க்கலாம். புடவையைச் சுத்திக் குடிசை போட்டு, மணல்ல படி கட்டிக் கன்னியம்மாவைக் கும்பிடுவோம், அங்கேயே கல்யாணமும் நடக்கும். ஒரு ராத்திரிக்கு ஏரிக்கரையும் தோப்பும் எல்லாம் திரும்பி வந்த மாதிரி இருக்கும். விடிஞ்சா ஷேர் ஆட்டோ.

தம்பி மணியைப் பார்க்கறாரு. ஒண்ணு சொல்லிட்டு இறங்கிடறேன்.

போன வருஷம் பழைய மாமல்லபுரம் ரோட்டுல ஒரு அடுக்குமாடியிலேருந்து கூப்பிட்டாங்க. எங்க சவுக்குத் தோப்பு இருந்த இடத்துக்குக் கூப்பிடு தூரம்தான். தோட்டத்துல ஒரு பொந்து, பாம்பு இருக்குன்னு குழந்தைங்களைக் கீழே விடறதில்லையாம். பாம்பு இருந்தா வனத்துறைக்குச் சொல்லணும், நான் பார்த்து மட்டும் சொல்றேன்னு போனேன். கூடப் பேரன். குனிஞ்சு பார்த்தேன், வாயில சிலந்தி வலை. இந்தத் தடவை கள்ளவாசலையும் தேடினேன், அந்தச் செம்பருத்திப் பாத்தி பூரா. இல்லை. "ஒண்ணும் இல்லைங்க, வெறும் வளை"ன்னேன். செகரெட்டரி சார் நம்பலை. மாடியிலேருந்து நாப்பது பேர் செல்போனைப் புடிச்சுட்டு நிக்கறாங்க. "தோண்டிப் பார்த்துடுங்களேன் பெரியவரே, எல்லாருக்கும் நிம்மதி"ன்னாரு.

தோண்டினேன். ஒரு மணி நேரம். முட்டியளவு குழி. மண்ணுதான். மேலே கை தட்டினாங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியலை.

திரும்பி வர்றப்ப பேரன் கேட்டான், "இல்லைன்னு தெரிஞ்சும் ஏன் தாத்தா தோண்டினே?"

"கூலி குடுத்தாங்களேடா. இத்தனை வருஷத்துல வெறும் வளைக்குக் கூலி குடுத்தது இவங்கதான்"னேன்.